கிராமத்து நீர் வழங்கல் சங்கத்துக்கு நிர்வாகமும் பணியாளரும் அமர்த்துவது எப்படி: வன்னிச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

குழாய்நீர்த் திட்டமொன்றைச் சங்கம் பொறுப்பெடுக்கும்போது வழக்கமாக நடப்பது இதுதான். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் கூடும். முதலில் தலைவர், பிறகு செயலாளர், பொருளாளர். எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது "அப்ப மோட்டர் போட ஆரை விடுவம்?" என்று யாரோ கேட்பார். பக்கத்தில் நிற்கிற பொடியன் ஒருவன் தலையில் அது விழும். அவன் ஒருநாள் கட்டாருக்குப் போய்விடுவான். எந்த வால்வு எந்த ஒழுங்கைக்கு என்று தெரிந்த ஒரே ஆளும் அவனாகத்தான் இருப்பான்.

ஆகவே இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். மோட்டர் போடுகிறவரின் வேலையை முதலில் எழுதுகிறோம். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு வருமா என்று பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் தலைவர் தெரிவு.

இது தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களத்தின் கீழ் வரும் சங்கங்களுக்கு உரியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் உலக வங்கிக் கடனில் வந்த கிராமியத் திட்டங்களும் இந்த வகைதான். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையோ பிரதேச சபையோ நேரடியாக நடத்தும் திட்டங்களுக்கு ஆட்சேர்ப்பு விதிகள் வேறு.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் இவற்றைச் சேர்த்து ஒரு கோவையில் போடுங்கள்:

- சங்கத்தின் யாப்பு, பதிவுச் சான்றிதழ்
- கடைசிக் கணக்கறிக்கை, வங்கிப் புத்தகம், கையொப்பகாரரின் பெயர்கள்
- மின்சாரப் பட்டியல்
- பம்ப் அறையும் தாங்கியும் நிற்கும் காணிக்கான எழுத்து
- குழாய் வரைபடம்
- கடைசி நீர்ப் பரிசோதனை அறிக்கை

மின்சாரப் பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய தலைவரின் பெயரிலோ ஒப்பந்தகாரரின் பெயரிலோ இருந்தால், கரண்ட் வெட்டுப்படும் நாளில் மின்சார அலுவலகம் உங்களோடு பேசாது. பெயர் மாற்றத்துக்கு நாள் எடுக்கும் என்பதால் இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

காணி விடயம் இதைவிடச் சிக்கல். வன்னியில் பல இடங்களில் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. நல்ல மனதோடு ஒருவர் அரைப் பரப்பை வாயால் கொடுத்திருப்பார். அவர் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. அவருடைய மகனுக்கும் சங்கத் தலைவருக்கும் மனத்தாங்கல் வந்தால் பம்ப் அறைக்கு இன்னொரு பூட்டு விழும். பிரதேச செயலகக் காணிக் கிளையில் கேட்டு, கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

நீர்ப் பரிசோதனை அறிக்கைக்கும் ஆளணிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பார்கள். இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614. அதன்படி புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, மொத்தக் கடினத்தன்மை 250ஐத் தாண்டக்கூடாது. வவுனியாப் பக்கத்துக் கருங்கல் நிலத்துக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் இவை உயர்ந்து நிற்கும். சுத்திகரிப்பு இயந்திரம், அதாவது ஆர்.ஓ., வைத்தே ஆக வேண்டும் என்றால் அதை நடத்தத் தனி ஆள் வேண்டும், தனிச் சம்பளம் வேண்டும். அறிக்கையைப் பார்க்காமல் ஆள் கணக்குப் போட முடியாது.

2. வேலைகளை எழுதுங்கள், பெயர்களைப் பிறகு பார்ப்போம்

ஒரு கொப்பியில் திட்டத்தில் நடக்க வேண்டிய எல்லா வேலையையும் எழுதுங்கள். தினமும் நடப்பது: மோட்டர் போடுதல், நிறுத்துதல், வால்வு மாற்றுதல், குளோரின் சேர்த்துச் சோதித்தல், பதிவேடு எழுதுதல். கிழமைக்கு ஒருமுறை: குழாய்ப் பாதையைச் சுற்றிப் பார்த்தல், பிரதான மீற்றரை வாசித்தல். மாதம் ஒருமுறை: வீட்டு மீற்றர் வாசிப்பு, பில் கொடுத்தல், காசு சேர்த்தல், வங்கியில் போடுதல், மின்கட்டணம் கட்டுதல். வருடத்துக்கு ஒரு சில தடவை: தாங்கி கழுவுதல், நீர் மாதிரி அனுப்புதல், கணக்காய்வு, பொதுக்கூட்டம்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வேலைக்கும் நேரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தீர்மானிப்பது, செய்வது, சரிபார்ப்பது. நிர்வாகம் தீர்மானிக்கும். பணியாளர் செய்வார். கணக்காய்வாளரும் பொதுக்கூட்டமும் சரிபார்க்கும்.

அதிகம் நடக்கும் பிழை, ஒரே ஆளிடம் இரண்டு குறி விழுவது. தலைவரே மீற்றர் வாசிப்பார், அல்லது பொருளாளரின் மகனே இயக்குநராக, அதாவது மோட்டர் போடுகிறவராக, இருப்பார். களவு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பில் கூடிவிட்டது என்று ஒருவர் முறையிட வந்தால், அவர் யாரிடம் போவது? மீற்றர் வாசித்தவரும் முறைப்பாடு கேட்பவரும் ஒரே ஆள் என்றால் முறையிட வந்தவர் பேசாமல் வீட்டுக்குப் போய், அடுத்த மாதம் காசு கட்டாமல் விடுவார்.

3. சம்பளத்துக்குக் காசு வருமா என்று பாருங்கள்

எண்கள் ஊருக்கு ஊர் மாறும். முறையைக் காட்ட 200 இணைப்புள்ள திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதச் செலவு ரூபாயில் இப்படி என்று வையுங்கள்:

- மின்சாரம் 45,000
- முழுநேர இயக்குநர் 30,000
- பகுதிநேர உதவியாளர் 12,000
- குளோரின் 3,000
- பில், கடதாசி, போக்குவரத்து 4,000
- திருத்த வேலை 10,000
- மோட்டர் மாற்றுவதற்கான சேமிப்பு 16,000

மொத்தம் 120,000. ஒரு வீட்டுக்குச் சராசரி 600 ரூபா. வீடொன்று சராசரியாக 12 யூனிற் பாவித்தால் யூனிற்றுக்கு 50 ரூபா வரும். ஒரு யூனிற் என்பது 1,000 லீற்றர்.

இப்போது நூற்றுக்கு எண்பது வீடுதான் கட்டுகிறது என்று வையுங்கள். வருமானம் 96,000. குறைவது 24,000. மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் தள்ளிப் போட முடியாது. எனவே அந்த 24,000, திருத்தத்துக்கும் மோட்டருக்கும் ஒதுக்கிய 26,000இல் இருந்துதான் போகும். வெளியே எல்லாம் நன்றாக ஓடுவதுபோலத் தெரியும். மோட்டர் எரியும் நாளில் வங்கிப் புத்தகம் வெறுமையாக இருக்கும்.

சம்பளத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. முழுநாளும் வேலை வாங்கிக்கொண்டு "அன்பளிப்பு" என்று எட்டாயிரம் கொடுத்தால் ஆள் நிற்கமாட்டார். நின்றாலும் கூலி வேலைக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் மோட்டரைப் போடுவார். காசு போதாவிட்டால் வேலை நேரத்தைக் குறைத்துப் பகுதிநேரப் பதவியாக வெளிப்படையாக எழுதுங்கள். நீர்மட்டம் பார்த்து மோட்டரை நிறுத்தும் மிதவை ஆளியும், குறித்த நேரத்தில் போட்டு நிறுத்தும் நேர ஆளியும் பொருத்தினால் ஆள் நிற்க வேண்டிய நேரம் குறையும்.

ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி விடயத்தில் ஊகம் வேண்டாம். உங்கள் சங்கத்தின் தன்மைக்கு அவை பொருந்துமா என்று மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொருந்தினால் சங்கத்தின் பங்கு 12 வீதமும் 3 வீதமும். மேலே சொன்ன 30,000க்கு அது மாதம் 4,500. கட்டணம் தீர்மானிக்கும்போதே இதைச் சேர்க்க வேண்டும்.

4. பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தல்

புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்பு. தை தொடங்கிப் பங்குனி வரை அறுவடை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். யூலை 2, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. இந்த நாட்களில் கூட்டம் வைத்தால் வேலையில்லாதவர்கள் மட்டும் வருவார்கள். அவர்கள் தெரிவுசெய்த நிர்வாகத்தை வராதவர்கள் ஏற்கமாட்டார்கள்.

அறுவடை முடிந்து சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னோ பின்னோ வைப்பது நல்லது. நெல் விற்ற காசு கையில் இருப்பதால் நிலுவையைக் கட்டிவிட்டு நிமிர்ந்து வந்து இருப்பார்கள். புது நிர்வாகத்துக்கும் ஆடி, ஆவணி வரட்சி வர முன் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். வரட்சியின் நடுவில் பொறுப்பெடுத்த நிர்வாகம் முதல் நாளிலிருந்தே ஏச்சு வாங்கும்.

அறிவித்தலை யாப்புச் சொல்லும் காலத்துக்கு முன்பே கொடுங்கள். வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது. பில்லோடு சேர்த்து வீட்டுக்கு வீடு கொடுத்தால் "எனக்குத் தெரியாது" என்ற கதை நின்றுவிடும்.

5. நிர்வாகத் தெரிவு

தலைவரில் தொடங்காதீர்கள். குழாய்ப் பாதையில் தொடங்குங்கள்.

வரைபடத்தை மண்டபச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கிளைக் குழாய்க்கும் ஒரு பிரதிநிதியை அந்தப் பாதை வீட்டுக்காரரே தெரிவுசெய்யட்டும். கடைசி முனையில் இருக்கும் வீடுகளுக்குக் கட்டாயம் ஓர் இடம் கொடுங்கள். தாங்கிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எப்போதும் வரும். அவர்கள் மட்டும் நிர்வாகத்தில் இருந்தால் கடைசி வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்பது கூட்டக் குறிப்பில் ஏறாது.

வீட்டில் தண்ணீரைக் கையாள்பவர்கள் பெண்கள். கூட்டத்துக்கு வந்து கையெழுத்து வைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கணக்குக் கொப்பி எழுதிப் பழகியவர் உங்கள் ஊரில் இருந்தால், பொருளாளர் பதவிக்கு முதலில் அவரைக் கேளுங்கள். சின்னத் தொகைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து பழகிய கை அது.

கிணறு குளத்துக்குக் கீழே இருந்தால் கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவரை நிர்வாகத்துக்குள் எடுங்கள். குளத்து மட்டம் இறங்கக் கிணற்று மட்டமும் இறங்கும். துரிசு, அதாவது குளத்து மதகு, எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்று முன்கூட்டித் தெரிந்தால் மோட்டர் நேரத்தை மாற்றலாம். குடிநீரையும் வயல்நீரையும் தனித்தனியே பேசினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இரணைமடு பெரிய உதாரணம். அந்தக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள்.

பிரதிநிதிகள் வந்த பிறகு அவர்களுக்குள் இருந்து தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவுசெய்யலாம். யாப்பு வேறு முறையைச் சொன்னால் அதன்படி நடவுங்கள்.

தலைவராக வர விரும்புகிறவரிடம் சபையில் வைத்தே மூன்று கேள்வி கேளுங்கள். வேறு எத்தனை சங்கத்தில் பதவி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் வீட்டு நிலுவை எவ்வளவு? உங்கள் சொந்தக்காரர் மூன்று மாதம் காசு கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கக் கையொப்பம் வைப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு உடனே "ஓம்" என்று சொல்பவரைவிட, கொஞ்சம் யோசித்து "முதலில் கடிதம் குடுப்பம், பிறகு வெட்டுவம்" என்று சொல்பவர் எனக்குப் பிடிக்கும்.

முதல் கேள்விக்கும் காரணம் உண்டு. கோயில், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், கமக்காரர் அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் தலைவராக இருக்கும் ஊர்கள் இங்கே நிறைய. நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் கோயில் சண்டை ஒன்று வந்தால் அது தண்ணீர்ச் சங்கத்துக்குள்ளும் வந்துவிடும். அரசியல் கட்சிப் பதவியில் இருப்பவருக்கும் இதே கதை. தேர்தல் காலத்தில் துண்டிப்பு நடக்காது.

தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவிலிருந்தோ வரக்கூடாது. சின்ன ஊரில் எல்லாரும் சொந்தம்தானே என்பார்கள். ஒரே சமையலறையில் சாப்பிடுபவர்கள் என்றாவது எல்லை வையுங்கள்.

கிராம அலுவலரையோ திணைக்களத்தின் மாவட்ட உத்தியோகத்தரையோ பார்வையாளராக அழையுங்கள். கூட்டக் குறிப்பில் அவருடைய கையொப்பம் இருந்தால் வங்கியில் பெயர் மாற்றும்போது அலைச்சல் குறையும்.

6. இயக்குநரைத் தேடுதல்

திட்டம் ஓடுவதும் நிற்பதும் இவர் கையில். ஆகவே ஒருவரை அல்ல, இருவரைத் தேடுங்கள்: ஒருவர் முழுப்பொறுப்பு, மற்றவர் கிழமையில் ஒருநாளாவது தனியே நின்று ஓட்டும் உதவியாளர். காய்ச்சலும் செத்தவீடும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வெற்றிட அறிவித்தலைக் கடை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பிரதேச சபை உப அலுவலகம் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். வேலை நேரம், சம்பளம், என்ன தெரிந்திருக்க வேண்டும், பரீட்சை எந்த நாள் என்று எழுதுங்கள். சம்பளத்தை எழுதாமல் "பேசித் தீர்மானிக்கப்படும்" என்று போட்டால் நல்ல ஆட்கள் வரமாட்டார்கள்.

எப்படிப்பட்டவர்? பம்ப் அறைக்கு நடந்து வரும் தூரத்தில் வீடு. எழுத வாசிக்கத் தெரிய வேண்டும், பெருக்கிப் பிரிக்கவும் தெரிய வேண்டும். ஊரில் வேரூன்றிய தொழில் ஒன்று, வயலோ கடையோ மாடோ, இருப்பது நல்லது. இருபது வயதுப் பொடியனுக்கு இயந்திர அறிவு கூடுதலாக இருக்கலாம், ஆனால் அவனுடைய பாஸ்போட் தயாராக இருக்கும். வயது நாற்பதை அண்டிய, பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒருவரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெண்கள் விண்ணப்பித்தால் "மோட்டர் வேலை சரிவராது" என்று தள்ளாதீர்கள். போருக்குப் பின் வன்னியில் பெண் தலைமைக் குடும்பங்கள் பல. வீட்டுக்குப் பக்கத்தில் நிலையான வேலை கிடைத்தால் விட்டுப் போகமாட்டார்கள். பாரமான வால்வுக்கு நீளக் கைபிடி ஒன்று செய்து கொடுத்தால் போதும்.

இரவு நேரத்தையும் யோசியுங்கள். வவுனியா வடக்கு, ஒட்டுசுட்டான் பக்கங்களில் பம்ப் அறை காட்டோரமாக இருந்தால் விடியப்புறம் நாலு மணிக்கு யானை நிற்கும் பாதையில் நடக்க வேண்டி வரும். நேர ஆளி பொருத்தாமல் அந்த நேரத்துக்கு யாரையும் அனுப்பாதீர்கள், ஆணோ பெண்ணோ.

7. செய்முறைப் பரீட்சை

நேர்முகத்தில் எல்லாரும் "தெரியும்" என்பார்கள். பம்ப் அறையில் வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரோ அயல் சங்கத்தின் அனுபவமுள்ள இயக்குநரோ பக்கத்தில் நின்றால் சொந்தக்காரர் குற்றச்சாட்டு வராது.

முதலாவது, மீற்றர் வாசிப்பு. கறுப்பு இலக்கங்கள் யூனிற், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னம். சிவப்பையும் சேர்த்து வாசித்தால் பில் பெரும் தொகையாக வந்து நிற்கும்.

இரண்டாவது, குளோரின் கணக்கு. 10,000 லீற்றர்த் தாங்கி, லீற்றருக்கு 2 மில்லிகிராம் வேண்டும், பவுடரில் குளோரின் 30 வீதம். எத்தனை கிராம் பவுடர்? வேண்டிய குளோரின் 20 கிராம். அதை 0.3ஆல் பிரித்தால் ஏறத்தாழ 67 கிராம். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிக்கொடுத்தால் விளங்குகிறதா என்று பாருங்கள். 65 வீதப் பவுடர் என்றால் என்ன செய்வீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். அளவு பாதியிலும் குறையும், 31 கிராம் போதும். "ரெண்டும் ஒரு கரண்டிதான்" என்பவரிடம் தாங்கியைக் கொடுக்க முடியாது. வாளியைத் திறந்து வெய்யிலில் வைத்தால் பவுடரின் வலு இறங்கிவிடும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தத் தண்ணீரைச் சோதிப்பது. மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்டு நிறத்தை ஒப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில், குளோரின் போட்டு அரை மணித்தியாலத்துக்குப் பின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமும், வீட்டுக் குழாயில் ஆகக் குறைந்தது 0.2 மில்லிகிராமும் மிஞ்ச வேண்டும். எந்த வீட்டுக் குழாயில் சோதிப்பீர்கள் என்று கேளுங்கள். "கடைசி வீட்டில்" என்று பதில் வந்தால் நல்ல புள்ளி கொடுங்கள்.

நான்காவது, மோட்டர். வழக்கமாக 8 அம்பியர் காட்டும் மோட்டர் இன்று 5 காட்டினால் என்ன? கிணற்றில் மட்டம் இறங்கிக் காற்று இழுக்கிறது, நிறுத்த வேண்டும். 11 காட்டினால்? மணல் ஏறியிருக்கலாம், தாங்குருளை தேய்ந்திருக்கலாம், மும்முனையில் ஒரு முனை விழுந்திருக்கலாம். அதற்கும் நிறுத்தத்தான் வேண்டும். இரண்டுக்கும் "ரீசெற் பண்ணித் திருப்பிப் போடுவன்" என்பவர் மோட்டரை எரிப்பார். மின்பெட்டியைத் தானே திறந்து பார்ப்பேன் என்று துணிவு காட்டுபவரும் ஆபத்து. மின்னியலாளரைக் கூப்பிடுவேன் என்பதே சரியான விடை.

ஐந்தாவது, நடந்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அழகு வேண்டாம். நேரம், வாசிப்பு, செய்த வேலை இருந்தால் போதும்.

8. நியமனக் கடிதம்

ஒரு பக்கம் போதும். பதவி, வேலை நேரம், சம்பளம், சம்பள நாள், விடுமுறை, மூன்று மாதத் தகுதிகாண் காலம், விலகுவதானால் ஒரு மாத முன்னறிவித்தல், யாருக்குப் பதில் சொல்வது.

கடைசியாகச் சொன்னதைத் தவறாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஊர் முழுவதும் அவருக்கு முதலாளி. தலைவர் ஒரு நேரம் சொல்வார், பொருளாளர் இன்னொரு நேரம் சொல்வார், கலியாண வீட்டுக்காரர் வந்து இரவு பன்னிரண்டுக்கு மோட்டர் போடச் சொல்வார். செயலாளர் ஒருவர் மூலம் மட்டும் அறிவுறுத்தல் போகட்டும்.

பாதுகாப்பு வரிகள் மூன்றையும் சேருங்கள். கிணற்றுக்குள்ளோ தாங்கிக்குள்ளோ தனியே இறங்கக்கூடாது. எண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக்கூடாது, புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு ஆளைக் கொல்லும். குளோரினைக் கையுறை, முகமறைப்போடுதான் தொட வேண்டும், அவற்றைச் சங்கம் வாங்கிக் கொடுக்கும்.

9. காசு தொடும் கைகள்

மீற்றர் வாசிப்பவர் காசு வாங்கக்கூடாது. அவர் வாசித்த இலக்கத்தைக் கொண்டு பொருளாளர் பில் எழுதுவார். காசு குறித்த நாளில் சங்க அலுவலகத்திலோ நேரடியாக வங்கியிலோ கட்டப்படட்டும். வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. காசோலைக்கு இரண்டு கையொப்பம், வெற்றுக் காசோலையில் முன்கூட்டிக் கையொப்பம் வைக்கவே கூடாது. "தலைவர் கொழும்புக்குப் போறார், ரெண்டு தாளில வைச்சிட்டுப் போகட்டும்" என்று தொடங்கும் பழக்கம் நல்ல மனிதரையும் கள்ளனாக்கிவிடும்.

மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதிப் பம்ப் அறைக் கதவில் ஒட்டுங்கள்.

10. கையளிப்பு

பழைய நிர்வாகம் கோபித்துக்கொண்டு போயிருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். தேவையானால் கிராம அலுவலர் முன்னிலையில் செய்யுங்கள்.

திறப்புகளை எண்ணி வாங்குங்கள். பொருட் பட்டியலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் குறியுங்கள். பிரதான மீற்றரின் அன்றைய இலக்கம், மின்மீற்றரின் இலக்கம், வங்கி மீதி, ஒவ்வொரு வீட்டின் நிலுவை எல்லாவற்றையும் எழுதி இரு பக்கமும் கையொப்பம் வையுங்கள். அந்தக் கோட்டுக்கு முன் உள்ளது அவர்கள் பொறுப்பு, பின் உள்ளது உங்கள் பொறுப்பு.

பிறகு பழைய இயக்குநரோடு குழாய்ப் பாதையை நடந்து பாருங்கள். வரைபடத்தில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும் ஒன்றாக இராது. ஒரு வால்வு பற்றைக்குள் போயிருக்கும், இன்னொன்றின் மேல் யாரோ மதில் கட்டியிருப்பார்கள், மூன்றாவது எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் பூட்டும். புது இயக்குநரும் உதவியாளரும் ஒவ்வொன்றையும் தங்கள் கையால் பூட்டித் திறக்க வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணிப் பெயின்றால் இலக்கமிடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து இடத்தைப் பதிந்து சங்கத்தின் கோவையில் வையுங்கள். இயக்குநரின் தொலைபேசியில் மட்டும் இருந்தால் அது அவரோடு போய்விடும்.

பழைய இயக்குநருக்கு அந்த நாட்களுக்கான கூலியைக் கொடுங்கள். சும்மா வந்து காட்டு என்று கேட்டால் பாதியைத்தான் காட்டுவார்.

வங்கிக் கையொப்ப மாற்றமும் இதே கிழமையில் முடிய வேண்டும். தள்ளிப் போனால் அடுத்த மாத மின்கட்டணத்துக்குப் பழைய தலைவரின் படலையில் போய் நிற்க நேரும்.

11. முதல் மூன்று மாதம்

நிர்வாகம் மாதமொருமுறை இரண்டு இலக்கத்தை மட்டும் கட்டாயம் பார்க்கட்டும்.

ஒன்று, நீர் இழப்பு. பிரதான மீற்றரில் 1,500 யூனிற் போயிருக்கிறது, வீட்டு மீற்றர்களின் கூட்டு 1,200 என்றால் 300 யூனிற், அதாவது 20 வீதம், எங்கோ போகிறது. குழாய் கசியலாம், மீற்றர் ஓடாமல் நிற்கலாம், கள்ள இணைப்பு இருக்கலாம். கடின நீர் ஓடும் திட்டங்களில் சுண்ணாம்பு படிந்து மீற்றர் நிற்பது சாதாரணம். இயக்குநரைக் குற்றம் சொல்ல முன் நின்றுபோன மீற்றர்களைத் தேடுங்கள்.

மற்றது, கட்டணச் சேர்ப்பு வீதம். மூன்றாம் படியில் பார்த்த எண்பது வீதக் கணக்கை மறக்க வேண்டாம். முதல் துண்டிப்புக் கடிதம் நிர்வாக உறுப்பினர் ஒருவரின் நிலுவை வீட்டுக்குப் போனால் மற்ற வீடுகள் தாமாகக் கட்டும்.

பதிவேட்டைக் கிழமைக்கு ஒருதரம் செயலாளர் பார்த்துச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். எல்லா நாளும் "6.00 – 10.00, 8 அம்பியர், குளோரின் 0.5" என்று ஒரே மாதிரி இருந்தால் வீட்டிலிருந்து எழுதுகிறார் என்று அர்த்தம். உண்மையான பதிவேட்டில் கரண்ட் போன நாள் இருக்கும், 0.3 வந்து மறுபடி போட்ட நாள் இருக்கும். மாரியில் கிணறு கலங்கும்போது குளோரின் அளவு ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் கேளுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுக்கும் மாதிரியின் முடிவு வந்தால் நல்லதோ கெட்டதோ கதவில் ஒட்டுங்கள்.

12. ஆளை மாற்ற வேண்டி வந்தால்

முறைப்பாடு எழுத்தில் வரட்டும். இயக்குநரின் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒழுங்கையில் நின்று வாய்ப்பேச்சில் வேலையை விட்டு நிறுத்தினால் அவர் தொழில் அலுவலகத்துக்குப் போவார், நியாயமும் அவர் பக்கம் நிற்கும்.

நிறுத்துவது என்று நிர்வாகம் தீர்மானித்தால், அல்லது அவரே விலகல் கடிதம் தந்தால், அன்றே உதவியாளருக்கு முழுநேரச் சம்பளத்தில் தற்காலிகப் பொறுப்புக் கொடுங்கள். முன்னறிவித்தல் மாதத்துக்குள் 10ஆம் படியின் வால்வு நடையை மறுபடி நடந்து முடியுங்கள். பூட்டை மாற்றுங்கள். வெற்றிட அறிவித்தலின் பழைய பிரதி கோவையில் இருக்கும். நாளையும் சம்பளத்தையும் மட்டும் திருத்தி, 6ஆம் படியிலிருந்து தொடங்கலாம்.